பி.டி.-எல்1 60 சதவீதம்: இம்யூனோதெரபியை உடனே தொடங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறோம். நெடுநாள் பீடி பிடித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டார். இருமல் நிற்காததால் புதுச்சேரியில் காட்டினோம். நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை, நான்காம் நிலை என்று சொல்லிவிட்டார்கள். 'பி.டி.-எல்1 60 சதவீதம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஜீன் பரிசோதனை முடிவு வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். காத்திருக்க வேண்டாம், தோப்பில் பாதியை விற்று இம்யூனோதெரபி ஊசியைத் தொடங்கிவிடலாம் என்கிறார் அண்ணன். 60 சதவீதம் குணமாகும் என்று அர்த்தமா? எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று சித்தப்பா தினமும் சீந்தில் பொடி கொடுக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. முன்பு காசநோய்க்கும் மருந்து சாப்பிட்டிருக்கிறார்.
- வாசகி, கடலூர்

பதில்: ஜீன் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, உடம்பின் எதிர்ப்பு செல்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கவைக்கும் சிகிச்சையான இம்யூனோதெரபியைத் தொடங்க வேண்டாம். தோப்பையும் அதுவரை விலை பேச வேண்டாம். சீந்தில் பொடியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இந்த மூன்றையும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணனும் சித்தப்பாவும் அப்பா மீதுள்ள பாசத்தில்தான் அவசரப்படுகிறார்கள். காரணம் தெரிந்தால் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

முதலில் அந்த 60. அப்பாவின் நுரையீரலிலிருந்து எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் ஏற்றுவார்கள். பி.டி.-எல்1 என்ற புரதம் இருக்கும் செல்லின் விளிம்பு பழுப்பாகத் தெரியும். நோய்க்குறியியல் மருத்துவர் குறைந்தது 100 புற்றுச் செல்களையாவது பார்த்து, எத்தனை செல்களின் விளிம்பில் பழுப்பு ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவார். விளிம்பு லேசாகப் பழுத்திருந்தாலும் கணக்கில் சேரும். அப்பாவின் துணுக்கில் நூற்றுக்கு 60 செல்கள் அப்படி இருந்திருக்கின்றன. அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் பொருள். குணமாகும் வாய்ப்பை அது சொல்வதில்லை.

பலன் எவ்வளவு என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. பி.டி.-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த 305 நோயாளிகளிடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் கீமோதெரபியையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. இம்யூனோதெரபி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. கீமோ பெற்றவர்களில் 28 பேருக்கு. ஐந்து ஆண்டுகள் கழித்து முதல் பிரிவில் நூற்றுக்கு 32 பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் 16 பேர். இந்த இரண்டாம் பிரிவிலும் பலர் பிறகு இம்யூனோதெரபிக்கு மாறியவர்களே. நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயில் ஐந்து ஆண்டுகளைக் கடப்பது ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. அதனால் இந்த எண்களை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டியை வளரவைக்கக்கூடிய இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே ஆகிய ஜீன்களில் மாற்றம் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்பா எந்தப் பக்கம் என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது.

அந்த ஜீன் முடிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, கட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புற்றுச் செல்லின் ஜீன்கள் மாறும்போது அதன் சில புரதங்களும் உருமாறுகின்றன. உடம்பின் காவல் செல்களான டென்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கிருக்கும் தாக்கும் எதிர்ப்பு செல்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி எந்த டி செல்லிடம் இருக்கிறதோ அது பல்கிப் பெருகி, ரத்தத்தின் வழியாகக் கட்டிக்கு வந்து, புற்றுச் செல்லில் துளையிட்டு அதைச் சாகடிக்கும் நொதிகளை உள்ளே செலுத்துகிறது. கூடவே இன்டர்பெரான் காமா என்ற பொருளையும் சுரக்கிறது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் இடம் அடுத்து வருவது. அந்த இன்டர்பெரானை உணர்ந்ததும் புற்றுச் செல் தன் விளிம்பில் பி.டி.-எல்1ஐ அதிகமாக வெளியே நீட்டுகிறது. டி செல்லின் மேலுள்ள பி.டி.-1 என்ற ஏற்பி அதைத் தொட்டவுடன் தாக்குதல் தளர்ந்துவிடுகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள பழுப்பு விளிம்பு, பல நேரங்களில், டி செல்கள் ஏற்கெனவே அங்கு வந்து தாக்கிய தடயம். சில கட்டிகள் மட்டும் தங்கள் ஜீன் கோளாறு காரணமாக, டி செல் எதுவும் வராமலே, பி.டி.-எல்1ஐ உற்பத்தி செய்துகொண்டிருக்கும். அப்போது பழுப்பு நிறம் நம்மை ஏமாற்றிவிடும்.

பி.டி.-1ஐ ஜப்பானில் தாசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் 1992இல் கண்டறிந்தது. இதேபோன்ற இன்னொரு தடையான சி.டி.எல்.ஏ-4ஐ அகற்றினால் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் எலிகளில் காட்டினார். இருவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பி.டி.-1ஐ மூடி, அந்தத் தொடுதல் நடக்காமல் பார்த்துக்கொள்கின்றன. மருந்து தானாக ஒரு புற்றுச் செல்லைக்கூடக் கொல்வதில்லை. வீராணம் ஏரியின் மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் பாயும்தான், ஆனால் ஏரியில் தண்ணீர் இருந்தால்தானே! கட்டியை அடையாளம் கண்ட டி செல்கள் உடம்பில் இல்லாவிட்டால், எத்தனை லட்சம் கொட்டிக் கொடுத்தாலும் தடையை நீக்குவதால் ஒன்றும் பாயப்போவதில்லை.

டி செல்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. நெடுங்காலம் கட்டியோடு மல்லுக்கட்டியவை முற்றாகச் சோர்ந்துவிடுகின்றன. அவற்றை இந்த மருந்தால் எழுப்புவது கடினம். இன்னும் முழுதாகச் சோராத, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இளைய டி செல்கள்தான் மருந்துக்குப் பிறகு பெருகுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாததற்கு, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் கட்டிக்குள் குடியிருக்கின்றன. அவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் போனது. ஒரே பி.டி.-எல்1 எண் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கட்டி கரைவதும் இன்னொருவருக்கு அசையாமல் இருப்பதும் இதனால்தான்.

இப்போது ஜீன் முடிவுக்கு வருவோம். புகையால் வந்த கட்டியில் ஜீன் மாற்றங்கள் ஏராளம்; டி செல்கள் அடையாளம் காண உருமாறிய புரதங்களும் ஏராளம். இ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்தால் வளரும் கட்டியில் அவை குறைவு. அங்கே பி.டி.-எல்1 அதிகமாக இருந்தாலும் இம்யூனோதெரபி பெரும்பாலும் எடுபடுவதில்லை. மாறாக, அந்த நோயாளிகளுக்கு ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரை மிக நன்றாக வேலை செய்கிறது. அப்பா பீடி பிடித்தவர் என்பதால் இ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்துக்கு வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. நம் நாட்டு அடினோகார்சினோமா நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கோ அதற்கு மேலோ இந்த மாற்றம் காணப்படுகிறது. அவசரப்பட்டு இம்யூனோதெரபி போட்டுவிட்டு, பிறகு முடிவைப் பார்த்து ஓசிமெர்டினிப் தொடங்கினால், நுரையீரல் கடுமையாக வீங்கி மூச்சுவிட முடியாமல் போகும் ஆபத்து கூடுகிறது. இம்யூனோதெரபி மருந்து உடம்பில் பல வாரங்கள் தங்கும். போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. இரண்டு வாரம் காத்திருக்க முடியாத அளவுக்கு மூச்சுத்திணறலோ வலியோ இருந்தால், முதல் தவணைக்குக் கீமோவை மட்டும் கொடுத்துவிட்டு, முடிவு வந்தபின் இம்யூனோதெரபியைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது நடைமுறையில் உள்ள வழிதான்.

சீந்தில் பற்றி. டி செல்லின் தடையை ஒரு புள்ளியில் நீக்குவதும், 'எதிர்ப்பு சக்தி கூட்டுவது' என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் வெவ்வேறு. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் வீக்கம் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். உடம்பின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கிய அடையாளங்கள் அந்த நோயாளிகளிடம் இருந்தன. இம்யூனோதெரபியும் கல்லீரலை அதேபோல் வீங்கவைக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறினால் எது காரணம் என்று தெரியாமல், பலன் தரும் மருந்தை நிறுத்த வேண்டி வரும். அமுக்கரா பொடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சித்தப்பாவிடம் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் நிறைந்த சாப்பாட்டுப் பொறுப்பை ஒப்படையுங்கள். உண்மையில் அதுதான் இப்போது அப்பாவுக்குத் தேவை.

காசநோய் வந்தவர் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நுரையீரலில் அடங்கிக் கிடந்த காசநோய், பி.டி.-1ஐ மூடும் மருந்துகளின்போது தலைதூக்கியதாகப் பதிவுகள் உண்டு. சளிப் பரிசோதனையும் பழைய எக்ஸ்ரேயும் உதவும். சர்க்கரை நோய் இருப்பதால் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று அடங்காத தாகமும் 400, 500 என்று சர்க்கரையும் வந்தால், மாத்திரை மறந்ததால் என்று விட்டுவிடாதீர்கள். மருந்து கணையத்தைத் தாக்கியிருக்கலாம்.

பக்கவிளைவுகளில் முடி கொட்டுவதும் வாந்தியும் குறைவு. ஆபத்தானவை வேறு: வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, புதிதாக வறட்டு இருமல் அல்லது மூச்சிரைப்பு, இமை தொங்குதல், நெஞ்சு படபடப்பு, விடாத தலைவலி. ஊசி போட்ட வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். நோயாளிகள் அடிக்கடி செய்யும் தவறு, வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் நிறுத்தும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது. இங்கே குடல் வீங்கியிருப்பது எதிர்ப்பு செல்களால். தேவைப்படுவது ஸ்டீராய்டு, அதுவும் சீக்கிரம். இரவு நேரத்தில் புதுச்சேரிக்குப் போக முடியாமல் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு ஓடினால், பணியில் இருக்கும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே 'இவர் இம்யூனோதெரபியில் இருக்கிறார், கீமோ இல்லை' என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரும் கடைசித் தவணைத் தேதியும் எழுதிய அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் மருந்து வீணாகிவிடும் என்று பயந்து மறுக்க வேண்டாம்.

'இந்தியாவிலேயே கார்-டி வந்துவிட்டதே' என்று யாராவது சொல்லக்கூடும். நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை அது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. அது சில ரத்தப் புற்றுநோய்களுக்கானது. நுரையீரலுக்கு உதவாது.

கடைசியாக, தோப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு தவணை, இரண்டு ஆண்டுகள் வரை, ஒவ்வொன்றும் லட்சங்களில் என்றால் பாதித் தோப்பு எதற்குக் காணும்? முழுத் தொகையையும் இப்போதே திரட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் மருந்து பிடிக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதுவரைக்கான தவணைகளுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். அதற்கும் முன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். குறைந்த அளவு மருந்து பற்றியும் கேட்கலாம். மும்பை டாடா மருத்துவமனை, முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மாத்திரைக் கீமோவுடன் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 16 பேரிலிருந்து 43 பேராக உயர்ந்தார்கள். நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி அண்மையில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நுரையீரல் புற்றுநோயின் முதல் சிகிச்சையில் இதற்கு இணையான உறுதி இன்னும் இல்லை. முழு அளவுக்கு வழியே இல்லாதபோது மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

அடுத்த முறை போகும்போது ஜீன் ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே, ஆர்.ஓ.எஸ்1 ஆகிய மூன்று ஜீன்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காசநோய்ச் சிகிச்சையின் பழைய சீட்டு, சர்க்கரை மாத்திரைப் பட்டியல், அந்தச் சீந்தில் பொடி டப்பா ஆகியவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கல்லீரல் நொதி, தைராய்டு பரிசோதனைகளை முதல் ஊசிக்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது ஏறினால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.