எந்தக் கணக்கு, எந்த லயம்?

கேள்வி: "மலையகத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் அரச நிர்வாகம், தூதரகம், கம்பெனிப் பணிப்பாளர் பதவி ஆகிய மூன்றையும் எட்ட முடியுமா? அதற்கு எதைக் கற்க வேண்டும்?"

முடியும். நான் 1958 இல் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்கணக்கில் (தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்போம்), லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்தவன். முப்பது ஆண்டுகள் இலங்கை நிர்வாக சேவையில் இருந்தேன். அதில் மூன்று ஆண்டுகள் வளைகுடா நாடொன்றிலுள்ள நமது தூதரகத்தில் தொழிலாளர் நலன் பார்த்தேன். ஓய்வு பெற்றபின் நான்கு ஆண்டுகள் தேயிலைக் கம்பெனியொன்றின் பணிப்பாளர் சபையில் இருந்தேன். பட்டம் வேண்டும், மூன்று மொழியும் வேண்டும் என்பதைப் பலரும் சொல்வார்கள். நான் ஒரு கடிதத்தின் கதையைச் சொல்கிறேன்.

பேராதனையில் பட்டம் முடித்து வந்த 1982 இல், அரச நிறுவனமொன்றின் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தேன். அந்நாளில் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. தோட்டத்துத் தப்பால்காரர் காலையில் பையோடு தபாலகம் போய், எல்லாக் கடிதங்களையும் தோட்டக் கந்தோரில் (அலுவலகத்தில்) கொண்டுவந்து கொட்டுவார். அங்கிருந்து பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் அந்தப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள் கழித்து என் கைக்கு வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தேன். தபால் முத்திரையில் இருந்த தேதி பரீட்சைக்குப் பத்து நாள் முந்தியது. அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கந்தோர் ஜன்னலில் நின்று கேட்டார். "மேசையில் கிடந்தது, யாரும் கேட்கவில்லை" என்றார்கள். மேலும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் திரும்பி நடந்ததை நினைத்தால் இன்றும் என்னால் ஆற முடியவில்லை.

அன்றே தலவாக்கலை பஜாரில் தையற்கடை வைத்திருந்த ஒருவரிடம் அனுமதி கேட்டு, என் விண்ணப்பங்களில் எல்லாம் அவர் கடை முகவரியை எழுதத் தொடங்கினேன். ஐந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறினேன். 1988 இல் நியமனக் கடிதம் வந்து சேர்ந்ததும் அந்தத் தையல் மேசைக்குத்தான்.

பரீட்சை எழுதுவதற்கே நான் இந்நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டியிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களாகிய எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. பெரியப்பா குடும்பம் அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். அப்பாவின் சான்றிதழைத் தகரப் பெட்டியில் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தோம். அதில் மூன்றாவது வரியில் என் பெயர். அந்த வரி இல்லாவிட்டால் என் படிப்பு எதற்கும் உதவியிராது.

சௌமியமூர்த்தி தொண்டமானைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். 1947 இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனவர், 1978 முதல் 1999 இல் இறக்கும்வரை அமைச்சராக இருந்தவர், டில்லியோடு நேரே பேசக்கூடியவர். ஆனால் அவருடைய தந்தை வேவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர். லயத்துப் பிள்ளைக்கு அந்தத் தொடக்கம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நான் பிரதேச செயலாளராக இருந்தபோது நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் ஐந்து பிரதேச செயலகங்கள்தாம். அவற்றில் அம்பகமுவையிலும் நுவரெலியாவிலும் தலா இரண்டு இலட்சம் மக்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்த பெண்ணை "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பக்கூடாது என்பதை என் கந்தோரில் கட்டாயமாக்கினேன். என் சிங்களம் சரியானதும் அங்கேதான். பல்கலைக்கழகத்தில் பேசத்தான் பழகினேன். ஒரு காணி அறிக்கையைப் பிழையின்றி எழுதக் கற்றுத் தந்தவர் என் சிங்களப் பிரதம எழுதுவினைஞர். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

தூதரகத்தில் ஒருநாள் பொகவந்தலாவைப் பெண்ணொருத்தி வந்து நின்றாள். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் எட்டு மாதச் சம்பளம் தரவில்லை, கடவுச்சீட்டையும் எசமானர் வைத்துக்கொண்டார். ஊருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கோப்பில் முகவரி என்று தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. "எந்தக் கணக்கு அம்மா? எத்தனையாவது லயம்?" என்று கேட்டேன். அதுவரை தலைகுனிந்து நின்றவள் நிமிர்ந்து பார்த்து, "ஐயா நம்ம பக்கமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். சம்பளத்தை வாங்கிக் கொடுக்க ஐந்து மாதம் ஆனது. இராஜதந்திரம் என்று நான் கற்றதெல்லாம், எதிரில் இருப்பவரை அவமதிக்காமல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமைதான்.

பணிப்பாளர் சபை கடினமானது. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனதிலிருந்து, கொழும்பு ஏலத்து விலையும் நாட்கூலியும் ஒரே மேசையில் மோதுகின்றன. ஏல விலை இறங்கிய மாதங்களில் கம்பெனி படும் பாட்டையும் கணக்குப் புத்தகத்தில் பார்த்தேன், அது பொய்யில்லை. ஆனாலும் 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது, நீதிமன்றம் போக வேண்டாம் என்று வாதாடினேன். தோற்றேன். என் எதிர்ப்பைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொன்னேன், பதிந்தார்கள். லயங்களுக்கு இலக்கமிட்டுத் தனித்தனித் தபால் பெட்டி வைக்கும் திட்டத்தில் மட்டும் வென்றேன். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவழிக்க 1987 ஆம் ஆண்டின் சட்டம் இடம் தரவில்லை. 2018 இல் அது திருத்தப்பட்டதால் அந்தப் பாதையும் அப்போது திறந்திருந்தது.

போன மாதம் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை, நீங்கள் கேட்ட இதே கேள்வியோடு வீட்டுக்கு வந்தாள். அவள் நிரப்பியிருந்த விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். முகவரிக் கட்டத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. புதிய படிவம் ஒன்று எடுத்து வரச் சொல்லி, அவர்கள் வீட்டுக் கதவிலுள்ள இலக்கத்தை அவள் கையாலேயே எழுத வைத்தேன்.