ஆறாவது பாட்டு வரை கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் ஏரியா கானாப் பாடகர் ஒருவரின் முதல் ஆல்பம் வந்தபோது, புளியந்தோப்பிலிருந்து காசிமேடு வரை அது ஒலிக்காத ஆட்டோ இல்லை. இப்போது இரண்டாவது ஆல்பம் வந்திருக்கிறது. பேட்டை பெயர் இல்லை, சட்டி மேளத்தின் சத்தம் இல்லை, எல்லாம் ராப்பும் இங்கிலீஷ் பீட்டும்தான். வெளியீட்டு விழாவைக்கூட நுங்கம்பாக்கத்தில் வைத்தார். நாலு காசு பார்த்ததும் வந்த வழியை மறக்கிறவர்களை உங்கள் பத்திரிகை ஏன் தட்டிக் கேட்பதில்லை?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: நாலு காசு என்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் ஆல்பத்துக்கு அந்தத் தம்பி கையில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். அதில் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினார். பெட்ரோலுக்கு அம்மாவிடம்தான் கேட்டார். நீங்கள் சொல்லும் ஆட்டோக்களில் பாட்டு எத்தனை லட்சம் முறை ஓடியிருந்தாலும் அவருக்கு அதற்குமேல் வரவில்லை. முத்திரைத்தாளில் 'உலகம் முழுக்க, காலம் முழுக்க' என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபது. படித்துப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. ஏரியாவே கொண்டாடிய பையனுக்கு ஏரியாவிலிருந்து ஒரு வக்கீல் கூடப் போகவில்லையே, அதை யார் தட்டிக் கேட்பது?

இந்தப் பக்கத்தைப் பாடுகிற பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் மற்ற உரிமைகளை விற்றாலும், ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், அல்லது ஐ.பி.ஆர்.எஸ். மாதிரிப் பதிப்புரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த வரி செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிக்காவிட்டால் 5 வருடம் என்றுதான் அர்த்தம். எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். பாடினவருக்கும் தனியாக உரிமை உண்டு. தம்பிக்கு இதெல்லாம் இரண்டாவது ஆல்பத்தின்போதுதான் தெரிந்தது. இந்த முறை வார்த்தை வார்த்தையாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஆல்பம் நாலு மாதம் தள்ளிப்போனது அதனால்தான். 'தலைக்கனம், அதான் இழுத்தடிக்கிறார்' என்று அப்போதும் நம் பேட்டையில்தான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது இங்கிலீஷ் பீட்டு. ஐயா, கானாவில் எது நம் சொந்தம் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். பெயரிலேயே இந்துஸ்தானி வாசனை. டோலக் வடக்கிலிருந்து வந்தது. பழைய கானாக் கச்சேரிகளில் வாசித்த புல்புல்தாராவின் தாய்வீடு ஜப்பான். மெட்டுகளில் பாதி சினிமாவிலிருந்து அள்ளியவை. நாஷ்டாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்து நம் வாயில் தமிழாகிவிட்ட மாதிரி இதுவும் ஆகிவிட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாகத்தான் கேட்டன. அன்று கைதட்டின ஊர்தானே இது?

தடம் மாறுவது குற்றமென்றால் லண்டன் பாடகி ஏமி வைன்ஹவுஸை என்ன செய்வது? 2003இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் ஜாஸ் பக்கம் சாய்ந்தது. 2006இல் வந்த இரண்டாவதில் அதை விட்டுவிட்டு, 1960களின் அமெரிக்கப் பெண் பாடகர் குழுக்களின் சாயலுக்குப் போனார். அதற்கு நியூயார்க் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். 2008இல் அவருக்கு 5 கிராமி கிடைத்தது அதற்காகத்தான். இன்னொரு பக்கம் அமெரிக்கப் பாடகி லாரின் ஹில். 1998இல் தனியாகப் போட்ட முதல் ஆல்பத்துக்கு ஒரே இரவில் 5 கிராமி வாங்கினார். அவரிடமிருந்து இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் வரவே இல்லை. முதல் ஆல்பம் பெரிதாக ஓடிவிட்டால் இரண்டாவதற்கு வாயைத் திறப்பதே எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால் ஆல்பம் பிரமாதம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். எட்டுப் பாட்டில் மூன்று நல்ல பாட்டு, இரண்டு சுமார், மிச்ச மூன்றைச் சேர்த்திருக்கவே வேண்டாம். இரண்டாவது பாட்டில் இங்கிலீஷில் எதுகை தேடுகிறாரே, எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் தப்பு. வேறு காரணம் இருக்கிறது.

முதல் ஆல்பத்துப் பாட்டுகள் ஸ்டுடியோவில் பிறந்தவை அல்ல, சாவு வீட்டில் பிறந்தவை. நீங்கள் வியாசர்பாடிக்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூலக்கொத்தளத்துக்கோ ஓட்டேரிக்கோ எடுத்துப் போவதற்கு முந்தின ராத்திரி. தெருவை அடைத்துச் சாமியானா, வாடகை நாற்காலி, டோலக், சட்டி. இறந்தவர் பேர் என்ன, எந்த டீக்கடையில் உட்காருவார், யாரோடு சண்டை என்று ஓரமாக விசாரித்துக்கொண்டு, அதைப் பாட்டில் கோர்த்துப் பாட வேண்டும். பாட்டில் உயிர் இல்லையென்றால் மூன்றாவது வரிசைக்காரர் டீ குடிக்க எழுந்துவிடுவார். கிழவி ஒருத்தி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "போதும்பா, வேற பாடு" என்பாள். அந்தக் கிழவியைவிடப் பெரிய எடிட்டரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளிடம் தேறி, முப்பது நாற்பது சாவு வீட்டில் அடிபட்டு, வேண்டாத வரியெல்லாம் உதிர்ந்த பிறகுதான் அந்தப் பாட்டுகள் மைக்குக்கு வந்தன.

இரண்டாவது ஆல்பத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. பேர் வந்தபின் காலேஜ் விழா, திறப்பு விழா என்று தம்பிக்கு ராத்திரி எல்லாம் போய்விட்டது. சாவு வீட்டுக்குக் கூப்பிடவும் ஜனங்களுக்குத் தயக்கம், "அவர் இப்ப பெரிய ஆளு, துட்டு நிறையக் கேப்பாரு" என்று. பாட்டை முதலில் கேட்டவர் சவுண்ட் இன்ஜினியர். இரண்டாவதாகக் கேட்டவர் கம்பெனிக்காரர், அதுவும் போனில். இரண்டு பேரும் டீ குடிக்க எழுந்து போகிறவர்கள் இல்லை.

கம்பெனிக்காரர் எழுந்து போகவில்லையே தவிர, கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு கேட்கிற ஆப்பான ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024இலிருந்து இன்னொன்றும் வந்துவிட்டது. 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்குக் காசே கிடையாது. கானாவுக்கோ தொகையறா வேண்டும். தாளம் இல்லாமல் குரலை இழுத்து, கூட்டத்தை அடக்கி, அதற்கப்புறம் சட்டி விழ வேண்டும். தொகையறா முடியவே முக்கால் நிமிஷம் ஆகும். "அதுக்குள்ள ஜனம் தள்ளிவிட்டுப் போயிடும், எடுத்துடு" என்றார்கள். ஏழு பாட்டில் எடுத்துவிட்டார். எடுத்தது எனக்கும் வருத்தம்தான்.

சட்டி சத்தம் இல்லை என்கிறீர்கள், இருக்கிறது. பாட்டு மற்ற பாட்டுகளைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று மாஸ்டரிங்கில், அதாவது கடைசியாக ஒலியைச் சரிசெய்கிற வேலையில், சத்தத்தின் மேடு பள்ளத்தையெல்லாம் நசுக்கித் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். அப்படி ஏற்றின சத்தத்தை ஸ்பாட்டிஃபை தானாகவே குறைத்து, மற்ற பாட்டுகளோடு சமமாக வைத்துவிடும். கடைசியில் சத்தமும் மிஞ்சவில்லை, சட்டியின் அடியும் மிஞ்சவில்லை. டின்னைத் தட்டின மாதிரி இருக்கிறது. இதில் மறதி எங்கே வந்தது? மாஸ்டரிங் பண்ணினவருக்குச் சட்டியைப் பக்கத்தில் நின்று கேட்ட பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஏழு பாட்டு என்றேன் அல்லவா? எட்டில் ஒன்று மட்டும் தப்பியது, ஆறாவது பாட்டு. அதில் மட்டும் தொகையறாவை எடுக்க முடியாது என்று தம்பி நின்றுவிட்டார். அவர் வீட்டு மாடி அறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க, கடைசி ரயில் போகிற நேரம் தாண்டிய பிறகு பதிவு பண்ணினார்கள். அன்றைக்கு அந்தக் கடைசி ரயில் தாமதம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது அது கொடுத்த ஹாரன் தொகையறாவின் நடுவில் விழுந்துவிட்டது. இன்னொரு டேக் போகலாமா என்று இன்ஜினியர் கேட்டார். "வேணாம்ணா, அது எங்க வூட்டு சத்தம்" என்றார் தம்பி. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பேட்டை பெயர் ஆல்பத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் முதல் மூன்று பாட்டோடு நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

வெளியீட்டு விழா நுங்கம்பாக்கத்தில் ஏன் என்பது கடைசி. நம் பக்கத்தில் இரண்டு கல்யாண மண்டபத்தில் கேட்டார். ஒன்றில் தேதி இல்லை என்றார்கள். இன்னொன்றில் தேதி இருந்தது, அட்வான்ஸும் வாங்கிவிட்டு, கானா என்று தெரிந்ததும் "அடிதடி ஆகும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே மண்டபத்தில் போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. மொய் எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மேடையில் லைட் மியூசிக்காரர்கள் தம்பியின் முதல் ஆல்பத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மண்டப மேனேஜர் வாசலில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.