விலைச் சொல்லும் இனச் சொல்லும்: பூனை வளர்ப்போர் கேள்வி பதில்

குன்னூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பூனை வளர்த்து வருகிறேன். அதில் முதல் எட்டு ஆண்டுகள் பெர்சியன் பூனைகளை வைத்துக் குட்டி எடுத்து, பிறருக்குக் கொடுத்தும் இருக்கிறேன். நீலகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில்கூட இப்போது வெளிநாட்டு இனப் பூனைகள் வந்துவிட்டன. பூனையோடு சேர்ந்து ஒரு புதிய சொற்கூட்டமும் மலையேறி வந்திருக்கிறது. அச்சொற்களைப் பற்றி பல மலையூர்களிலிருந்து பூனை வளர்க்கும் அன்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஊட்டி): அம்மா, சமவெளியில் ஒருவர் பெர்சியன் குட்டி ஒன்றை ‘செமி பஞ்ச், ட்ரிபிள் கோட்’ என்று சொல்லி, ‘டால் ஃபேஸ்’ குட்டியைப் போல் இரண்டு மடங்கு விலை கேட்கிறார். இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

பதில்: நீங்கள் எழுதிய மூன்றும் விற்பனையாளர்களின் சொற்கள். பெர்சியன் பூனையின் மூக்கு ஓரளவு நீண்டு, முகம் பொம்மை போல் தோன்றினால் ‘டால் ஃபேஸ்’ என்கிறார்கள். மூக்கு உள்ளடங்கி முகம் தட்டையாக இருந்தால் ‘பஞ்ச் ஃபேஸ்’. இரண்டுக்கும் இடைப்பட்டது ‘செமி பஞ்ச்’. இனச் சங்கங்களின் நியமத்தில், அதாவது ஓர் இனப் பூனை எப்படி இருக்க வேண்டும் என்று அவை எழுதிவைத்த வரையறையில், இருக்கும் சொல் ‘பிரேக்’ என்பதாகும். நெற்றியும் மூக்கும் சந்திக்கும் இடத்தில் விழும் பள்ளம் அது. அந்தப் பள்ளம் இரு கண்களுக்கும் நடுவே அமைய வேண்டும் என்று அமெரிக்காவின் சி.எஃப்.ஏ. என்னும் பூனைப் பதிவுச் சங்கம் எதிர்பார்க்கிறது, அந்தச் சங்கம் பெர்சியனுக்கு வழங்கும் 100 மதிப்பெண்களில் தலைக்கு மட்டும் 30 ஒதுக்கியிருக்கிறது. தட்டை முகத்துக்கு விலை ஏறுவதன் வேர் இங்கே இருக்கிறது.

‘ட்ரிபிள் கோட்’ என்பதற்கோ நியமத்தில் இடமே இல்லை. நன்றாக உண்டு, குளிர்காலத்தில் அடர்ந்த உள்முடி வளர்ந்த எந்தப் பெர்சியனும் பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று அடுக்கு முடி உள்ளதாகவே தோன்றும். அதே பூனையை மே மாதத்தில் முடி உதிர்ந்த பிறகு பார்த்தால் நீங்கள் கொடுத்த கூடுதல் பணத்தைத் தேட வேண்டியிருக்கும்.

முகம் தட்டையாகத் தட்டையாகக் கண்ணீர்க்குழாய் வளைந்து கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருப்பதும், மூக்குத் துளை குறுகி மூச்சு இரைவதும், பற்கள் சீராக அமையாமல் போவதும் கூடவே வருகின்றன. ஆகவே, இரண்டு மடங்கு விலை கொடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறொரு சொல்லைக் கேட்டு வாங்குங்கள்: பி.கே.டி. என்னும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனை முடிவு. பெற்றோரில் ஒன்றுக்கு இக்குறை இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது வந்து சேரும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்தே சோதித்துவிடலாம். எந்த முகமானாலும் தாய், தந்தை இரண்டுக்கும் இந்தச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே புரியாமல் விழிப்பவரிடம் குட்டி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி (கோத்தகிரி): ‘பேப்பர் உள்ள பூனை’ என்றால் என்ன? அந்தத் தாளை எப்படி நம்புவது?

பதில்: அத்தாள் பூனையின் வம்சாவளிச் சான்று. குட்டியின் பெற்றோர், பாட்டன் பாட்டி என்று குறைந்தது மூன்று தலைமுறைகளின் பெயர்களும் பதிவெண்களும் அதில் இருக்க வேண்டும். வழங்கியது பூனைகளைப் பதிவு செய்யும் சங்கமாகவும் இருக்க வேண்டும். நானே ஏமாந்தவள் என்பதால் சொல்கிறேன்: என் முதல் பெர்சியனோடு வந்த வண்ணத் தாளில் தங்க முத்திரையும் பெரிய கையொப்பமும் இருந்தன, தந்தையின் பெயர் மட்டும் இல்லை. வேறு சிலர் கென்னல் கிளப் தாள் என்று காட்டுவார்கள். அது நாய்களுக்கான சங்கம்.

பூனையின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கால்நடை மருத்துவரிடம் கருவி வைத்துப் பார்த்துவிடலாம். தாள் இல்லாத பூனை மட்டமான பூனை என்று நான் சொல்லவில்லை. தாள் இல்லாததற்குத் தாள் உள்ளதன் விலையைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி (வெலிங்டன்): குட்டி ‘லிட்டர் ட்ரெயின்ட்’ என்று விளம்பரத்தில் பார்த்த என் மாமனார், ‘ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்குமா?’ என்று கேட்டார். வளர்ப்போர் பேசும் ‘குயீன்’, ‘ஸ்டட்’, ‘லிட்டர்’ போன்றவற்றுக்குத் தமிழில் சொல் இல்லையா?

பதில்: உங்கள் மாமனார் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே இரு பொருள் உண்டு: பூனை மலம் கழிக்கும் மணல் தட்டு ஒன்று, ஒரே பேற்றில் பிறந்த குட்டிகள் மற்றொன்று. தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றாவதாகப் பால் அளவும் வந்து சேர்கிறது.

நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆடு மாடு வளர்ப்போர் அன்றாடம் புழங்கும் சொற்களைப் பூனைக்கு மாற்றிக்கொள்ள நாம்தான் தயங்குகிறோம். ஒரே பேற்றில் பிறந்தவை ‘ஓர் ஈற்றுக் குட்டிகள்’. முதல் பேறு ‘தலையீற்று’. பொலிகாளை என்பதைப் போல ‘ஸ்டட்’ பூனையைப் ‘பொலிப்பூனை’ எனலாம். ஆண்பூனைக்குக் கடுவன் என்ற பழைய சொல்லும் இருக்கிறது. ‘குயீன்’ என்பது குட்டி எடுப்பதற்காக வைத்திருக்கும் பெட்டை. அரசி என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும், தாய்ப்பூனை என்றாலே போதும். ‘ஹீட்’ என்பது பருவத்துக்கு வருதல். கருவுற்றது சினைப்பூனை, சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாட்கள். விளம்பரத்தில் இருந்ததை ‘மணல் தட்டுப் பழகிய குட்டி’ என்று எழுதியிருந்தால் உங்கள் மாமனார் குழம்பியிருக்க மாட்டார்.

‘பெட் குவாலிட்டி’, ‘ஷோ குவாலிட்டி’ என்பவையும் இங்கே அடிக்கடி காதில் விழும். முன்னது வீட்டில் வளர்ப்பதற்கு மட்டும் ஏற்றது. பின்னது நியமத்துக்கு நெருங்கி வருவது. ஆனால் 40 நாள் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஷோ குவாலிட்டி’ என்று ஒருவர் சொன்னால், அவர் சோதிடம் சொல்கிறார் என்று கொள்ளுங்கள். அந்த வயதில் தாயைப் பிரிப்பதே தவறு. பொறுப்புள்ளவர்கள் 12 வாரமாவது குட்டியைத் தாயோடு விட்டுவைப்பார்கள்.

கேள்வி (மஞ்சூர்): மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்த சயாமீஸ் பூனையைப் போன ஆண்டு இங்கே கொண்டுவந்தோம். உடல் நிறம் நாளுக்கு நாள் கறுத்து வருகிறது. நோயா?

பதில்: நோயில்லை, மஞ்சூர்க் குளிர்தான். சயாமீஸ் பூனையின் காது, முகம், பாதம், வால் ஆகியவற்றில் உள்ள கருநிறத்தைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். அப்பூனையின் உடலில் நிறமியை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் செயலிழந்தும், குளிர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்தும் வரும்படியான மரபணு மாற்றம் உள்ளது. ஆகவே தாயின் வயிற்றில் வெதுவெதுப்பாக இருந்த குட்டி பிறக்கும்போது வெண்மையாகவும், பிறந்த பின் உடலின் குளிர்ந்த முனைகள் மட்டும் கறுத்தும் காணப்படும். சமவெளியில் வெளிர்நிறமாக இருந்த முதுகு, பனி விழும் ஊரில் புதிய முடி முளைக்கும்போது கறுப்பது இயல்பே. கருத்தடைக்காக வயிற்றில் முடி மழித்தால் அந்த இடத்தில் கருந்திட்டாக முடி முளைத்து, அடுத்த முறை உதிர்ந்த பின் வெளுப்பதையும் இங்கே கண்டிருக்கிறேன். (பூனைக் கண்காட்சிகளில் நடுவர் கொடுக்கும் மதிப்பெண்ணும் ‘பாயிண்ட்’ என்றே வழங்குவதால், ‘பாயிண்ட் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

கேள்வி (குன்னூர்): சாம்பல் நிறப் பூனையை ஏன் ‘ப்ளூ’ என்கிறார்கள்? எங்கள் தெருப் பூனைகளின் நிறங்களுக்கும் இப்படிப் பெயர் உண்டா?

பதில்: காங்கேயம் மாட்டில் சாம்பல் வெண்மையை மயிலை என்கிறோம், மயிலின் நிறமா அது? தொழிலுக்குத் தொழில் நிறப்பெயர் வேறுபடும். பூனைக்காரர்களிடம் கறுப்பு நிறமி செறிவு குறைந்து சாம்பலானது ‘ப்ளூ’, செவலை ‘ரெட்’, செவலை வெளுத்தது ‘கிரீம்’.

நம் தெருவின் வரிப்பூனை ‘டேபி’. நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்துப் போன்ற கோடு இருந்தால் ஐயமின்றி அப்படி அழைக்கலாம். மீன்முள் போன்ற வரி, சுழல் வரி, புள்ளி, முடிதோறும் நிறம் மாறி வரும் பொடிநிறம் என அதில் நான்கு வகைகள் உண்டு. பாக்தாத் நகரின் அத்தாபிய்யா என்னும் பகுதியில் நெய்த வரிப்பட்டுத் துணியிலிருந்து வந்த பெயர் அது. வெள்ளை, கறுப்பு, செவலை மூன்றும் கலந்த ‘கேலிகோ’வும் துணிப் பெயர்தான், கூடலூரிலிருந்து மலையிறங்கினால் எட்டிவிடக்கூடிய கோழிக்கோட்டின் பெயரால் ஐரோப்பியர் வழங்கிய பருத்தித் துணி. ஒரு பூனையின் நிறத்தைச் சொல்ல வேற்று மொழிக்காரர்கள் நம் பக்கத்துத் துறைமுகத்தை நினைக்க, நாமோ அவர்களிடமிருந்து அச்சொல்லைத் திரும்பக் கடன் வாங்குகிறோம்.

இந்த மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டைகள். செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று ஓய்ந்துவிடுவதால், ஓரிடத்தில் செவலையும் ஓரிடத்தில் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் விழுகிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அந்த வாய்ப்பில்லை. கூடுதல் எக்ஸோடு அரிதாகப் பிறக்கும் மூவண்ணக் கடுவன் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். ஆகவே ‘அபூர்வமான மூவண்ண ஆண், பொலிக்கு ஏற்றது’ என்று யாராவது விலை பேசினால் திரும்பிப் பாராமல் வாருங்கள்.

கேள்வி (கூடலூர்): எங்கள் பக்கம் வெருகு என்றால் ஒரு விலங்கு, புத்தகத்தில் வெருகு என்றால் வேறொன்று. மேலும், தேயிலைச் செடிகளுக்கிடையே புள்ளி போட்ட குட்டி ஒன்றைத் தோட்டத்தார் கண்டெடுத்து ‘பெங்கால் பூனை’ என்கிறார்கள். வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கவே கூடாது. இந்த விடையை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லாராய்ச்சிக்கு வருகிறேன்.

பெங்கால் என்பது வீட்டுப் பூனையையும் சிறுத்தைப்பூனை என்னும் காட்டு விலங்கையும் கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம். காட்டு விலங்கிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பதை எஃப்1, எஃப்2 என எண்ணுவார்கள். முதல் சில தலைமுறைகளின் கடுவன்கள் பெரும்பாலும் மலடு. தேயிலைச் செடிக்கு நடுவே கிடந்த குட்டியோ எந்த எஃப்பும் அல்ல, அந்தக் காட்டு விலங்கின் குட்டியாகவே இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறுத்தைப்பூனை வாழ்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் உள்ளது. பிடித்து வைத்திருப்பது குற்றம். தாய் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஆட்களை விலகச் சொல்லுங்கள். உடனே வனத்துறைக்கும் தெரிவியுங்கள்.

இனி வெருகு. பழந்தமிழில் அது காட்டுப்பூனையை, சிறப்பாக அதன் ஆணைக் குறித்தது. வெருகின் இளமைப் பெயர் குட்டி என்றும், பறழ் என்றாலும் தவறில்லை என்றும் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. மலையாளத்தில் அதே சொல் புனுகுப்பூனைக்குப் போய்விட்டது. கூடலூரில் இரு மொழியும் புழங்குவதால் உங்களுக்கு இரண்டும் கேட்கின்றன. புனுகுப்பூனை பெயரில்தான் பூனை; அது வேறு குடும்பத்து விலங்கு.

கேள்வி (கொடைக்கானல்): ‘ஹிமாலயன்’, ‘பாம்பே’ இரண்டும் இந்தியப் பூனைகளா?

பதில்: இரண்டுமே இல்லை. ஹிமாலயன் என்பது பெர்சியனையும் சயாமீஸையும் கலந்தது. சயாமீஸின் ‘பாயிண்ட்’ நிற அமைப்பே உள்ள ஹிமாலயன் முயலின் பெயரால் அப்பெயர் வந்தது. பாம்பே அமெரிக்காவின் கென்டக்கியில் உருவானது. பளபளக்கும் கறுப்பு உடல் இந்தியக் கருஞ்சிறுத்தையை நினைவூட்டியதால் அப்பெயர் இட்டார்கள். கருஞ்சிறுத்தையைக் கண்டு பழகிய கோத்தகிரிக்காரர்களுக்கு அந்த ஒப்புமையை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (ஊட்டி): கோடையில் இங்கே நாய்க் கண்காட்சியைப் பார்த்திருக்கிறேன். பூனைக் காட்சியும் அப்படித்தான் நடக்குமா? என் நாட்டுப் பூனையைக் கொண்டுபோகலாமா?

பதில்: பூனையைக் கயிறு கட்டி நடத்திக் காட்ட மாட்டார்கள். அமெரிக்க முறையில் பூனைகள் கூண்டில் காத்திருக்கும். அழைப்பு வந்ததும் ‘ரிங்’ எனப்படும் நடுவரின் மேசைக்குக் கொண்டுசெல்வார்கள். ஒரே காட்சியில் பல ரிங்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நடுவர் வேறு, தீர்ப்பும் வேறு. பிரிட்டனின் பூனைச் சங்கமான ஜி.சி.சி.எஃப். முறையில் நடுவர்தான் கூண்டைத் தேடி வருவார். உரிமையாளர் யாரென்று தெரியாதபடி விரிப்பு, கிண்ணம், மணல் தட்டு எல்லாம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். இந்த மரபு 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் என்ற ஓவியர் நடத்திய காட்சியிலிருந்து வளர்ந்தது. பூனைகளை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்ற நியமத்தையும் அவரே எழுதினார்.

உங்கள் நாட்டுப் பூனைக்கும் இடம் உண்டு. ‘ஹவுஸ்ஹோல்ட் பெட்’ என்ற பிரிவில் வம்சாவளி கேட்க மாட்டார்கள். இன நியமமும் கிடையாது. உடல்நலம், தூய்மை, அழகு, பழகும் குணம் ஆகியவற்றையே பார்ப்பார்கள். 8 மாதம் கடந்திருந்தால் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்பது சி.எஃப்.ஏ., பன்னாட்டுப் பூனைச் சங்கமான டிகா ஆகியவற்றின் விதி. என்னைக் கேட்டால், இந்தப் பிரிவுதான் பார்க்கச் சுவையானது. மற்றவற்றில் நடுவர் நியமத்தைப் பார்க்கிறார், இதில் பூனையைப் பார்க்கிறார். தடுப்பூசிச் சான்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அயலார் கையில் பூனையைத் தூக்கிக் கொடுத்துப் பழக்குங்கள்.

கேள்வி (கோத்தகிரி): மடியில் ஏறியதும் முன்னங்காலால் மாறி மாறி அழுத்துவதை ஆங்கிலத்தில் ‘பிஸ்கட் செய்கிறது’ என்கிறார்களாம். நாம் எப்படிச் சொல்வது?

பதில்: மாவு பிசைகிறது என்று என் பாட்டி சொல்வார். பால் குடிக்கும் குட்டி, பால் சுரக்கத் தாயின் மடியை அழுத்தும் பழக்கம் வளர்ந்த பின்னும் தொடர்வதே அது. நகம் துணியில் மாட்டும். மடியில் ஒரு பழைய கம்பளியைப் போட்டுக்கொள்ளுங்கள்.