நடுநிலைப் பள்ளியில் அமெரிக்க வரலாறு கற்பிக்க இணையத்தில் கிடைக்கும் நல்ல வளங்கள் எவை?

நீங்கள் அண்மையில் பணியில் சேர்ந்து, ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மறுநாள் பாடத்துக்காக இணையத்தைத் துழாவிக்கொண்டிருப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். 8 ஆண்டுகளுக்கு முன்பு நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று, ஆசிரியர்கள் தயாரித்த பாடத்தாள்களை விற்கும் தளம் ஒன்றில் நான்கு டாலர் கொடுத்து, 1770 மார்ச் 5 அன்று பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின் மீது சுட்ட ‘பாஸ்டன் படுகொலை’ பற்றிய ஒர்க்‌ஷீட் ஒன்றை வாங்கினேன். அதில், அந்நகரின் வெள்ளிக் கைவினைஞர் பால் ரிவியர் அந்த நிகழ்வைக் காட்டிச் செய்த செதுக்கோவியம் சிறிதாகவும் மங்கலாகவும் இருந்தது. கீழே, ‘சுடும்படி உத்தரவிட்டவர் யார்?’ என்றொரு கேள்வி. அதைத் திரையில் காட்டியபோது ஒரு மாணவி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சிப்பாய்களுக்கு மேலே உள்ள பலகையில் ‘புட்சர்’ என்று ஏதோ எழுதியிருக்கிறதே, அது இறைச்சிக் கடையா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் அதே ஓவியத்தின் தெளிவான படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘புட்சர்ஸ் ஹால்’ என்ற அந்தப் பலகை தொங்குவது சுங்க அலுவலகத்தின் மேல். பிரிட்டிஷ் படையைக் கசாப்புக்காரர்கள் என்று ஏசுவதற்காக ரிவியர் தாமாகவே மாட்டிவிட்ட பெயர் அது! படத்தில், அந்தச் சிப்பாய்களின் தலைவரான கேப்டன் பிரெஸ்டன் வீரர்களுக்குப் பின்னால் நின்று வாளை உயர்த்துகிறார். அவருடைய வாக்குமூலத்திலோ, தாம் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றதாகவும் சுட உத்தரவிடவே இல்லை என்றும் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் அவருக்காக வாதாடிய வழக்கில் பிரெஸ்டன் விடுதலையானார். ஆக, நான் காசு கொடுத்து வாங்கிய கேள்வி, ஒரு பிரசாரப் படத்தை நேரில் கண்ட சாட்சியாகப் பிள்ளைகளிடம் நீட்டியிருக்கிறது.

மறுநாள் என் தவற்றை வகுப்பில் ஒப்புக்கொண்டு, பாதிப் பேரிடம் ஓவியத்தையும் மீதிப் பேரிடம் வாக்குமூலத்தையும் கொடுத்தேன். மணி அடித்தது கூட யாருக்கும் கேட்கவில்லை.

எனவே, மூல ஆவணங்களைத் தரும் தளங்களிலிருந்து தொடங்குங்கள். காங்கிரஸ் நூலகம் தலைப்புவாரியாக ஆசிரியர்களுக்கெனத் தொகுத்திருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டாக்ஸ்டீச்’ தளத்தில் ஆவணங்களோடு பயிற்சிகளும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ‘ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்’ பாடங்கள் எனக்கு மிகவும் கைகொடுத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை படிக்கும் அளவுக்கு எளிமையாக்கியிருப்பார்கள், இலவசமும் கூட. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் 2009-இல் தொடங்கிய ‘ஐசிவிக்ஸ்’ விளையாட்டுகள் அரசியலமைப்புப் பாடத்துக்குப் பொருந்தும். அவற்றை வரலாற்றுப் பாடத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். அடிமைகளாக இருந்தவர்களிடம் 1936 முதல் 1938 வரை எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட நேர்காணல்களும் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. ஆனால், கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கேட்பவரைப் பார்த்துப் பதில் மாறும் என்பதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மதுரையில் வளர்ந்தவள் அமெரிக்க வரலாற்றைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பெற்றோர் சந்திப்பிலேயே அதைக் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பலகையைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்படியெல்லாம் கற்பிக்க நேரம் எங்கே என்று கேட்டால் அது நியாயம். கூட்டாட்சிச் சட்டம் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு வைக்கச் சொல்வது வாசிப்புக்கும் கணிதத்துக்கும்தான்; வசந்த காலம் வந்ததும் என் பாடவேளையைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

அந்த ஒர்க்‌ஷீட்டின் பிழையை விளக்கி அதே தளத்தில் ஒரு மதிப்புரை எழுதினேன். போன மாதம் எட்டிப் பார்த்தபோது, கேள்வி மாறவில்லை. விலைதான் ஐந்தரை டாலராகியிருந்தது.