சுப்பராயன் வீட்டுத் தளபதி

கேள்வி: ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், மத்திய அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலத்தின் உறவினரா?

பதில்: உடன்பிறந்த அண்ணன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் பிள்ளைகளில் மோகனும் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்திற்குச் செல்ல, 1913-இல் பிறந்த மூத்தவரோ இங்கிலாந்தின் வூல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று, 1933-இல் அதிகாரியாகிப் பின்னர் பீரங்கிப் படையில் பணியாற்றினார். ஒரே வீட்டில் இத்தனை திசைகள் என்பது வியப்புதான்.

அவருடைய வாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942-இல் லிபியப் பாலைவனத்தில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படைகளை எதிர்த்துப் போரிட்டு, பிரிட்டிஷ் அரசின் உயரிய டி.எஸ்.ஓ. விருதுக்குரிய வீரத்தைக் காட்டிய அவர், எதிரிகளிடம் சிக்கி இத்தாலியில் சிறை வைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பியும் மீண்டும் பிடிபட்டு, ஜெர்மானியச் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

1966 ஜூனில் ஜெனரல் ஜே.என். சௌத்ரியை அடுத்துத் தலைமைத் தளபதியானார். பாகிஸ்தானுடனான 1965 போருக்குப் பின் படையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. சிக்கிம் எல்லையில் நாதுலா, சோலா கணவாய்களில் சீனப் படையினருடன் 1967-இல் நிகழ்ந்த மோதல்களும் அவருடைய காலத்தவையே. ஆங்கிலேய மன்னரின் நேரடி நியமன ஆணை பெற்ற இந்திய அதிகாரிகளில் அப்பதவியை வகித்த கடைசி மனிதர் அவர். 1969-இல் பொறுப்பேற்ற மானெக்‌ஷாவின் பெரும்புகழில் இவர் பெயர் மங்கியது நியாயமன்று. 1970-இல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 2000-இல் மறைந்தார்.