அம்மாவின் செபமாலையை என்ன செய்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

தூத்துக்குடியில் பிறந்து, திருமணத்திற்குப் பின் கோவையில் வாழும் எனக்கு வயது 52. கோவிலுக்குப் போவதை நிறுத்திப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த முடிவில் எனக்கு மறுயோசனை இல்லை. அப்பாவும், அவர் போன ஏழாம் மாதத்தில் அம்மாவும் காலமான பிறகு, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் திரு இருதய ஆண்டவர் படம், பனிமய மாதா சுரூபம், சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் பாடுபட்ட சுரூபங்கள், கழுத்தில் அணியும் உத்தரியங்கள், காய்ந்த குருத்தோலைகள், அம்மாவின் செபமாலை என எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் என்னிடம் வந்தன. "நீயே வச்சுக்கோ அக்கா" என்று வெளிநாட்டிலிருக்கும் தம்பி சொல்லிவிட்டான். எடுத்து மாட்டினால் நடிப்பதாகத் தோன்றுகிறது; பெட்டியை மூடினால் பெற்றோரையே மூடிவைத்ததாகத் தோன்றுகிறது. கடைசியாகப் பேசியபோது, "ஊருக்கு வந்தா என்கூட பூசைக்கு வருவியா?" என்று அம்மா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

பயன்படுத்தவும் முடியாமல், தூக்கிப் போடவும் முடியாமல், எங்கோ மறைத்துவைத்து, அது அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் மனம் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு 'இணைக்கும் பொருள்' என்று 1972இல் பெயரிட்டு எழுதினார் மனநல மருத்துவர் வாமிக் வோல்கன். இறந்தவரோடு முடியாமல் நிற்கும் பேச்சை அது சுமக்கிறது. உங்கள் பெட்டியில் அப்படிப்பட்டது அநேகமாகச் செபமாலை ஒன்றுதான். மற்றவை வெறும் பொறுப்பு. அதற்கு வழி உண்டு.

மந்திரித்த (குருவானவர் ஆசீர்வதித்த) பொருள்களைக் குப்பையில் போடாமல், எரித்தோ மண்ணில் புதைத்தோ விடுவது கத்தோலிக்கர் வழக்கம். குருத்தோலைகளைப் பங்குக் கோவிலில் கொடுத்தால் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகும். இத்தகைய பொருள்கள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையோடு கையாளப்பட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் பிரிவு. வைத்திருப்பவரின் விசுவாசத்தை அது விசாரிப்பதில்லை. ஆகவே அப்பா தினமும் நிமிர்ந்து பார்த்த படத்தை, நீங்கள் செபிக்காமலேயே, அப்பாவின் படமாக மாட்டிவைப்பதில் பொய் எதுவும் இல்லை. சுரூபத்தை ஆசையோடு கேட்கும் சித்தியோ அத்தையோ இருந்தால் தயங்காமல் கொடுங்கள். (பெரும்பாலும் கேட்பார்கள், நீங்கள் தருவீர்களோ என்று தயங்கிக்கொண்டிருப்பார்கள்.)

செபமாலையைப் பற்றி இப்போது எதுவும் முடிவு செய்ய வேண்டாம். அம்மாவின் கேள்விக்கு அன்று சொல்லாத பதிலை, அது "வரமாட்டேன் அம்மா" என்பதாகவே இருந்தாலும், ஒரு தாளில் எழுதுங்கள். தம்பிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள், ஏனெனில் அவரிடமும் இப்படி ஒரு கேள்வி மிச்சமிருக்கலாம். அதன் பிறகு மாலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு முன் இவையெல்லாம் முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.