வாசகர் கேள்விகள்: கூப்பர் ஏன் அத்தனை வருடம் சொல்லவில்லை?

கேள்வி: சி.என்.என். செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பர் தன்பாலீர்ப்பாளர் என்று அமெரிக்காவில் பல வருடம் பேச்சு இருந்ததாம். 2012இல்தான் ஒப்புக்கொண்டார். ஊரையெல்லாம் கேள்வி கேட்பவர் தன் விஷயத்தை மட்டும் மறைக்கலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல் வேண்டாமே. லஞ்சம் வாங்கியவர் ஒப்புக்கொள்வார். கூப்பர் தன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் கேட்ட கேள்விகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். 2005இல் காத்ரீனா புயல் அடித்தபோது மிசிசிப்பி கடலோரத்தில் நின்று செய்தி தந்துகொண்டிருந்தார். நேரலையில் பேசிய லூசியானா செனட்டர் மேரி லாண்ட்ரூ, தலைவர்களுக்கு வரிசையாக நன்றி சொல்லிக்கொண்டே போனார். கூப்பர் இடைமறித்தார். தெருவில் 48 மணி நேரமாகக் கிடந்த ஒரு பெண்ணின் உடலை எலிகள் தின்றதைச் சொன்னார். மக்கள் இங்கே கொதித்துப்போயிருக்கும்போது நீங்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிறீர்களே என்றார். அரசாங்கம் தன் வேலையைச் செய்ததா என்ற கேள்வி அது. அந்த செனட்டரின் படுக்கையறையை அவர் எட்டிப் பார்க்கவில்லை.

தன் வாழ்க்கையைப் பற்றி வாயே திறக்காதவரும் அல்ல அவர். 10 வயதில் அப்பாவை இழந்ததையும், 1988இல் அண்ணன் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டதையும் 2006இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதினார். எதை எப்போது சொல்வது என்கிற முடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. 2007இல் 'அவுட்' இதழ் (தன்பாலீர்ப்பாளர்களுக்காகவே நடக்கும் இதழ்) அட்டைப்படத்தில் இரண்டு மாடல்கள் கையில் குச்சி முகமூடியோடு நின்றார்கள். ஒன்றில் நடிகை ஜோடி ஃபாஸ்டரின் முகம், இன்னொன்றில் கூப்பரின் முகம். திருவிழாக் கடையில் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்போமே, அந்த மாதிரி. பிரபலமானவர்கள் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்கிற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒருவர் முகத்தை வெட்டிக் குச்சியில் ஒட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கடைசியில் அவர் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ சல்லிவனுக்கு எழுதிய மின்னஞ்சல், அவர் சம்மதத்துடன், 2012 ஜூலை 2இல் வெளியானது. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் முன்பே தெரியும் என்று அதில் எழுதியிருந்தார். வெளியில் சொல்லாததற்கு ஒரு காரணம் பாதுகாப்பு. போர் நடக்கும் ஊர்களுக்கு அவர் தனியாகப் போவதில்லை. கேமராக்காரர் வருவார், இன்னும் சிலர் வருவார்கள். 2011 பிப்ரவரியில் எகிப்தின் தலைநகர் கெய்ரோவில், அப்போதைய அதிபர் முபாரக்கின் ஆதரவுக் கூட்டம் அவரையும் குழுவினரையும் சூழ்ந்துகொண்டு அடித்தது. அதே கெய்ரோவில்தான் 2001இல் நைல் நதியின் படகு விடுதியில் சோதனை போட்டு, 52 ஆண்களைத் தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லி விசாரணைக் கூண்டில் நிறுத்தினார்கள். அந்த ஊர்த் தெருவில் அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்பீர்களா?

இன்னொன்று என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவருடைய அம்மா குளோரியா வாண்டர்பில்ட். 1934இல், சிறுமியாக இருந்த குளோரியா யாரிடம் வளர வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றத்தில் பெரிய வழக்கு நடந்தது. விதவையான தாய் ஒரு பக்கம், கோடீஸ்வர அத்தை மறு பக்கம். தாய் இன்னொரு பெண்ணோடு நெருக்கமாக இருந்ததைப் பார்த்ததாக வீட்டுப் பணிப்பெண் சாட்சி சொன்னதும், நீதிபதி நிருபர்களை வெளியே அனுப்பிக் கதவை மூடினார். அப்புறம் என்ன, ஊகம் இன்னும் கூடியது. குழந்தை அத்தையிடம் போனது. அப்போது குளோரியாவுக்கு வயது 10. பாட்டியின் பெயர் அப்படி நாறடிக்கப்பட்ட வீட்டின் பிள்ளை கூப்பர்.

கேள்வி: நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது?
(வாசகர், மதுரை)

பதில்: தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்னார்கள். வயது வந்தவர்கள் இருவர், ஒரே பாலினத்தவராக இருந்தாலும், சம்மதத்தோடு கூடுவது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6இல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே, 2010இல், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மராத்திப் பேராசிரியர் சிராஸ் வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் நுழைந்து, அவர் இன்னொரு ஆணோடு இருந்ததைப் படமெடுத்தார்கள். பல்கலைக்கழகம் அவரைப் பணி இடைநீக்கம் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சில நாட்களில் அவர் வீட்டில் இறந்துகிடந்தார். ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. சட்டம் அவர் பக்கம் நின்றும் என்ன பயன்?

கேள்வி: டி.வி.யில் வரும் ஒரு செய்தி வாசிப்பாளருக்கு நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி பேசுகிறார்கள். உங்களுக்குப் பத்திரிகை வட்டாரத்தில் பழக்கம் உண்டே, உண்மையா?
(வாசகி, தென்காசி)

பதில்: அம்மா, என் முதல் வேலையின்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு பிழை திருத்துநர் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா. மதியம் தயிர்சாதமும் நார்த்தங்காயும் கொண்டுவந்து ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் உள்ளே வந்தால் நாங்கள் பேச்சை நிறுத்துவோம். நானும்தான்.

ஒருநாள் அவர் மேசைக்குப் போன மெய்ப்புத் தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் அவரைப் பற்றி ஒரு அசிங்கமான வரி எழுதிவிட்டார்கள். மற்ற பக்கங்களோடு அதுவும் திரும்பி வந்தது. அந்த வரியில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் சேர்த்திருந்தார். வேறெதுவும் எழுதவில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார்.

கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவரைத் தேடிப் போகவும் இல்லை. எங்கள் பேச்சு உண்மையா பொய்யா என்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

உங்கள் கடிதத்தில் அந்தச் செய்தி வாசிப்பாளரின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் அடித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.